ராத்திரி வரைவதும் கம்பெனிக்குச் சொந்தமா?

மொரிஷியஸில், குறிப்பாகப் போர்ட் லூயிஸிலும் எபேனிலும், டிசைன் ஸ்டுடியோவும் விளம்பர ஏஜென்சியும் நடத்தும் தமிழ் முதலாளிகளுக்கும் கிரியேட்டிவ் டைரக்டர்களுக்கும்:

அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம்.

உங்களில் பாதிப் பேரை எனக்கு நேரிலேயே தெரியும். தைப்பூசக் காவடியன்று கோவில் வாசலில் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். அடுத்த வாரம் அதே வங்கிக்கு ஆளுக்கொரு கொட்டேஷன் அனுப்பி அடித்துக்கொள்வோம். சின்ன தீவு, அப்படித்தான் இருக்கும். எச்.எஸ்.சி. வரை தமிழ் எடுத்துப் படித்தவர்கள் உங்களில் சிலர் உண்டு என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமமாக இருந்தால் வீட்டில் அக்காவிடமோ அத்தையிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் இதில் சொல்ல ஏதாவது இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். புதிதாகச் சேரும் டிசைனர்களிடம் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தத்தில், கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில், ஒரு வரி வருகிறது. வெவ்வேறு இடங்களில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். வார்த்தைகள் கொஞ்சம் மாறினாலும் சாரம் ஒன்றுதான். பணியில் இருக்கும் காலத்தில், அலுவலக நேரத்திலோ அதற்கு வெளியிலோ, அந்த ஊழியர் உருவாக்கும் எல்லாப் படைப்பும் நிறுவனத்தின் சொத்து. எதை வெளியிடுவதானாலும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

அலுவலக வேலையாகச் செய்தது அலுவலகத்துக்கே. அதில் எனக்குச் சண்டை இல்லை, பல நாடுகளில் சட்டமும் அப்படித்தான். ஒரு ஓட்டலுக்கு வரைந்த படத்தைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொரு ஓட்டலுக்கு விற்றால் அது திருட்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாஎபூர் கரையில் உட்கார்ந்து, மீன்பிடிக்கும் பிரோக் படகுகளில் எழுதியிருக்கும் பெயர்களைப் பார்த்து ஒரு பையன் நோட்டில் வரைந்தால், அதுவும் உங்களுக்கா? 2019-ஆம் ஆண்டின் தொழிலாளர் உரிமைச் சட்டப்படி வழக்கமான வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி. நீங்கள் சம்பளம் கொடுத்து வாங்கியது அந்த 45 மணி நேரத்தைத்தான். மிச்ச நேரத்துக்கு யாரும் உங்களிடம் விலை பேசவே இல்லையே.

அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். சட்டத்தைக் காட்டிக் கேட்பது என் நோக்கமில்லை. டிசைனர்கள் தங்களுக்காகச் செய்துகொள்ளும் வேலையால் முதலில் லாபம் பார்ப்பது நீங்கள்தான் என்று நினைக்கிறேன். அது ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நம் சந்தையைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மொத்தம் பன்னிரண்டரை லட்சம் பேர் வாழும் நாடு. ஓட்டல், வங்கி, தொலைபேசி, ரம், சர்க்கரை, கடலோர வில்லா விற்பவர்கள். சுற்றிச் சுற்றி இவர்கள்தான் கிளையண்ட். அதனால் ஆட்களை எடுக்கும்போது நாம் பார்க்கிற போர்ட்ஃபோலியோக்களும் சுற்றிச் சுற்றி ஒன்றாகவே இருக்கின்றன. ஒரு டோடோ லோகோ. லெ மோர்ன் மலையை ஒரே கோட்டில் வரைந்த இன்னொரு லோகோ. தென்னை மரம், நீலக் கடல், மூடியில் தங்கநிறம் பூசிய ரம் பாட்டில். வேலை சுத்தமாகவே இருக்கும், குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்றாவது கோப்பைப் புரட்டும்போது முதல் கோப்பு யாருடையது என்று மறந்துபோகிறது.

அப்படி ஒரு நேர்காணலில் நானும் உட்கார்ந்திருந்தேன். வந்திருந்த பெண் வழக்கமான பதினைந்து பக்கத்தைக் காட்டி முடித்தாள். வேறு ஏதாவது இருக்கிறதா, உனக்காகச் செய்தது, என்று கேட்டேன். தயங்கினாள். “அது கிளையண்ட் வேலை இல்லை மிஸ்யே” என்றாள். பரவாயில்லை, காட்டு என்றதும் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு பெரிய தாளை எடுத்துப் பிரித்தாள்.

வாழை இலை. நம் கல்யாண வீடுகளிலும் விரதச் சாப்பாட்டிலும் போடுகிற ஏழு கறி இலை. அதை ஓட்டல் மெனு மாதிரி அழகுபடுத்தாமல், ஒரு நிலப்படம் போலப் போட்டிருந்தாள். இலையின் நுனி எந்தப் பக்கம், உப்பு எங்கே, ஊறுகாய் எங்கே, பூசணிக்காய், வாழைக்காய், பலாக்காய், கீரை ஒவ்வொன்றும் எந்த இடத்தில் என்று குறித்திருந்தாள். அதற்கு மேல் மெல்லிய கோடுகளில் இன்னொரு அடுக்கு. பரிமாறுகிறவர் எந்தப் பக்கமிருந்து வருகிறார், முதலில் எது விழும், ரசம் வரும்போது சாதத்தில் எங்கே குழி பறிப்பார்கள் என்றெல்லாம். ஓரத்தில் பொடியாகக் குறிப்புகள். தன் பாட்டி ஒரு வரிசை சொன்னாராம், பாட்டியின் நாத்தனார் அது தப்பு என்றாராம். ஃபிளாக் பக்கத்துக் குடும்பம் ஒன்று பூசணியை வேறு இடத்தில் வைக்குமாம். எந்த முரண்பாட்டையும் மறைக்காமல் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம் கொடுத்து, எங்கே எல்லோரும் ஒத்துப்போகிறார்கள், எங்கே சண்டை என்பது ஒரே பார்வையில் தெரியும்படி வைத்திருந்தாள்.

பக்கத்தில் இருந்த முதலாளி, “அழகாக இருக்கிறது. ஆனால் இதை வைத்து என்ன செய்வது?” என்றார். நியாயமான கேள்விதான், பதில் வரக் கொஞ்ச காலம் ஆயிற்று. அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. பின்னால் அந்த ஸ்டுடியோவுக்கு ஒரு மருத்துவமனையின் வழிகாட்டிப் பலகைகளைச் செய்யும் வேலை வந்தபோது எல்லோரும் அம்புக்குறி எந்த நீலத்தில் இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். அவள் போய் ஓபி வாசலில் நின்றாள். வயதானவர்கள் எங்கே நின்று குழம்புகிறார்கள், யாரிடம் வழி கேட்கிறார்கள், நர்ஸ் ஒரு வழி சொல்ல வாட்ச்மேன் வேறு வழி சொல்வது எந்தத் திருப்பத்தில் என்று குறித்துக்கொண்டு வந்தாள். பாட்டியிடமும் பாட்டியின் நாத்தனாரிடமும் கேட்டுப் பழகியதை அங்கே செய்தாள். அந்தப் பழக்கத்தை எந்த ஓட்டல் பிரோஷரும் அவளுக்குக் கொடுத்திருக்காது.

கிளையண்ட் வேலையில் கேள்வியை வேறு யாரோ தயாரித்து அனுப்புகிறார்கள். பிரீஃப் வருகிறது. அளவு இது, நிறம் இது, வெள்ளிக்கிழமை வேண்டும். அதற்குள் சாமர்த்தியமாகப் பதில் சொல்வதுதான் நம் தொழில், அதைக் குறைவாகப் பேசவில்லை. ஆனால் பத்து வருடம் பதில் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று கிரியேட்டிவ் டைரக்டர் நாற்காலியைக் கொடுத்தால் திணறிப்போவார். ஏனென்றால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருடைய வேலையே எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, இது முடிந்ததா இல்லையா என்று தீர்மானிப்பது. அதைப் பழக ஒரே இடம், பிரீஃபும் இல்லாத, டெட்லைனும் இல்லாத, ‘ஓகே’ சொல்லவும் ஆளில்லாத சொந்த வேலை. பாதியில் நின்றால் யாரும் கேட்கப் போவதில்லை. அப்படியிருந்தும் முடிக்கிறாரா என்று பாருங்கள்.

சொந்த வேலையில் தோற்றாலும் நஷ்டம் பெரிதாக இல்லை. புதிதாக ஒரு அச்சு முறையைச் சோதித்துப் பார்க்க, கிளையண்ட்டின் இருபதாயிரம் பிரதியில் கை வைக்க முடியுமா? வீட்டுச் சுவரில் ஒட்டுவதற்கான இருபது பிரதியில் தாராளமாகக் கை வைக்கலாம்.

வெளியூர் உதாரணம் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்றிரண்டு. அமெரிக்க டிசைனர் ஜெசிக்கா ஹிஷ் 2009-ல் ‘டெய்லி டிராப் கேப்’ என்று ஒரு வேலையைத் தனக்காகத் தொடங்கினார். வேலை நாளுக்கு ஒரு அலங்கார முதலெழுத்து. ஏ முதல் இசட் வரை போய், அப்புறம் மறுபடி ஏ, இப்படிப் பன்னிரண்டு சுற்று. கேட்டவர் யாருமில்லை, காசு கொடுத்தவரும் இல்லை. பென்குயின் பதிப்பகம் 2012 முதல் ஒரு புத்தக வரிசை கொண்டுவந்தது, ஆங்கில எழுத்துக்கு ஒன்றாக 26 புத்தகங்கள். அட்டையில் பெரிதாக நிற்கும் அந்த எழுத்துகளை வரையும் வேலை ஹிஷ்ஷுக்குத்தான் போயிற்று. முன்னமே முன்னூறுக்கு மேல் வரைந்து பொதுவில் வைத்திருந்தவரை விட்டு வேறு யாரிடம் போவார்கள்?

முதலாளிகளுக்கு இன்னும் பொருத்தமான ஆள் ஸ்டெஃபான் சாக்மைஸ்டர். நியூயார்க்கில் ஸ்டுடியோ நடத்திய ஆஸ்திரியக்காரர். ஏழு வருடத்துக்கு ஒருமுறை ஸ்டுடியோவையே ஒரு வருடம் மூடிவிடுவார், அந்த வருடம் கிளையண்ட் வேலை கிடையாது. அவர் கணக்கு இது: முதல் 25 வருடம் படிக்கிறோம், அப்புறம் 40 வருடம் உழைக்கிறோம், கடைசியில் 15 வருடம் ஓய்வு. அந்தப் பதினைந்தில் ஐந்தை எடுத்து உழைக்கும் வருடங்களுக்கு நடுவில் சொருகிக்கொண்டால் என்ன? முதல் ஓய்வு வருடத்துக்குப் பிந்திய ஏழு வருடங்களில் ஸ்டுடியோ செய்ததெல்லாம் அந்த ஒரு வருட யோசனையிலிருந்து வந்தது என்று 2009-ல் டெட் மேடையில் சொன்னார். அதே பேச்சில் இன்னொன்றும் சொன்னார், எனக்கு அதுதான் பிடித்தது. தொடக்கத்தில் திட்டமே இல்லாமல் உட்கார்ந்ததில் சில்லறை வேலைகள் வந்து நேரத்தைத் தின்றுவிட்டனவாம். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கால அட்டவணை போட்டுக்கொண்டாராம்.

உங்களை ஒரு வருடம் கடையை மூடச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். வங்கிக் கடன் எனக்கும் இருக்கிறது.

வெள்ளைக்காரர் கதை நமக்கு எதற்கு என்பீர்கள். சரி, நம்மவர் ஒருவரைச் சொல்கிறேன். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980-களில் தமிழைக் கணினிக்குக் கொண்டுவரத் தன் முயற்சியாக ஒரு வேலையைத் தொடங்கினார். முரசு என்று பெயர். அன்றைக்கு அதற்குச் சந்தை என்று ஒன்று கிடையாது. அதே ஆள் பிற்பாடு வரைந்த தமிழ் எழுத்துருக்கள்தான் ஆப்பிள் கருவிகளோடு வருகின்றன. தமிழ் சங்கம் எம்.என். என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள், அந்த ‘எம்.என்.’ அவர் பெயரின் முதலெழுத்துகள். 2013-ல் வந்த ஐ.ஓ.எஸ். 7-இல் தமிழ் விசைப்பலகை சேர்ந்தது, அதில் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வரவைக்கும் அஞ்சல் அமைப்பு அவருடையது. இந்த மடலை ஐபோனில் படிக்கிறீர்களா? அப்படியானால் பெரும்பாலும் இப்போது உங்கள் கண் முன்னால் இருப்பது அவர் போட்ட வளைவுகள்தான்.

நம் தீவிலும் ஆள் இருந்தார். மால்கம் தெ ஷசால் அரசு உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதினார், பின்னாளில் தூரிகையும் எடுத்தார். அவர் வரைந்த பூக்களையும் பறவைகளையும் இன்றைக்கு நாடே தன்னுடையது என்று கொண்டாடுகிறது. அவருடைய நியமன உத்தரவில் உங்கள் வரி இருந்திருந்தால் அவ்வளவும் அவருடைய இலாகாவின் கோப்புக் கட்டில் சேர்ந்திருக்கும்.

இனி நம் தமிழ் எழுத்து விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே பேசப் போகிறேன், ஏனென்றால் என் ஆத்திரம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

1998-ல் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும், இளையவர்கள் அப்பாவிடம் கேட்டிருப்பார்கள். புதிதாக அடித்த மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழுக்கு மேலே இந்தி போய்விட்டது. ஆங்கிலம், தமிழ், இந்தி என்று இருந்த வரிசை மாறியதும் நம் மக்கள் கொதித்தார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999-ல் பழைய வரிசையில் புதிதாக அடித்தார்கள். நியாயமான போராட்டம். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆளுநராக இருந்த லா பூர்தொனே காலத்தில் புதுச்சேரிப் பக்கமிருந்து வந்து இந்தப் போர்ட் லூயிஸைக் கட்டியவர்களில் நம் கொத்தனாரும் தச்சரும் இருந்தார்கள், நம் இடத்தை நாம் கேட்டோம். ஆனால் நான் டிசைனர் ஆனபிறகு எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. தமிழ் எத்தனையாவது வரியில் வருகிறது என்று அவ்வளவு பேர் கேட்டோம். அந்தத் தமிழ் எழுத்தை யார் வரைந்தார்கள், அது நன்றாக இருக்கிறதா என்று ஒருவராவது கேட்டோமா?

பொங்கலுக்கும் வருஷப் பிறப்புக்கும் வங்கிகளும் சூப்பர்மார்க்கெட்டுகளும் கொடுக்கும் வாழ்த்து விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். அவற்றைச் செய்வது நாம்தான். ‘பொங்கல்’ என்று தட்டினால், ப-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு ப-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் வேறு. அடோபி மென்பொருளில் ‘வேர்ல்ட்-ரெடி காம்போசர்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். சரிசெய்ய அரை நிமிடம் போதும். ஆனால் உடைந்திருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டுமே. ஆங்கிலத் தலைப்பை விசாலமாகப் பரப்பி வைக்கிற அதே பழக்கத்தில் தமிழையும் பரப்பினால், கொம்பு ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று குடும்பம் பிரிந்துவிடுகிறது. அச்சாகி, பேருந்து நிறுத்தத்தில் ஏறியபிறகு ஏதாவது ஒரு பாட்டி பார்த்துச் சொல்வார்.

இதைத் திருத்தக் கற்றுக்கொடுக்கும் கிளையண்ட் வேலை எதுவும் இந்தத் தீவில் வராது. வருடத்துக்கு இரண்டு மூன்று வாழ்த்து விளம்பரத்துக்காக எந்த வங்கியும் உங்கள் ஜூனியரைத் தமிழ் எழுத்து வரையப் பழக்காது. யாராவது தன் ஆசைக்குச் செய்தால்தான் உண்டு. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கோவில்களில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர் எழுதிய பலகைகள் இருக்கும், ‘லை’யும் ‘னை’யும் யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைந்துபோகும் பழைய வடிவத்தில். தமிழ்நாட்டில் 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து அந்த வடிவங்கள் போய்விட்டன. இங்கே பெயிண்டர் கை அதைத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. அதுவும் ஒரு தனித் தினுசில், பிரெஞ்சுக் கடைப் பலகை எழுதிப் பழகிய தூரிகையால் எழுதியது போல, கால்களின் அடியில் சின்னக் குதி வைத்து. அவற்றை நான் போகிற இடத்தில் எல்லாம் வரைந்து சேர்த்துக்கொண்டிருந்தேன். எதற்கு என்று கேட்டால் அப்போது பதில் இல்லை. வீட்டில், “வேலைக்குத்தான் போறியே, அப்புறம் ராத்திரி எதுக்கு உட்கார்ந்து கிறுக்கிட்டு இருக்கே?” என்பார்கள்.

ஒரு கிளையண்ட் வந்தார். பொங்கல் விளம்பரத் தலைப்பு தமிழில் வேண்டும், ஆனால் சினிமா போஸ்டர் மாதிரி இருக்கக்கூடாது, இந்த ஊர்த் தமிழ் மாதிரி இருக்க வேண்டும் என்றார். இந்த ஊர்த் தமிழ் எப்படி இருக்கும் என்று கூட்டத்தில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. நான் நோட்டைத் திறந்தேன். அந்த வேலைக்கான பில்லை அனுப்பியது ஸ்டுடியோதான், நான் இல்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. அந்த நோட்டு இல்லாவிட்டால் அந்த பில் இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பார்சிலோனாவில் இரண்டு டிசைனர்கள் ‘36 டேஸ் ஆஃப் டைப்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 26 எழுத்து, 10 எண், நாளுக்கு ஒன்று. உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள், நம் ஊர்ப் பிள்ளைகளும் செய்கிறார்கள். தமிழில் இதே விளையாட்டை ஆடினால் 247 நாள், எட்டு மாதத்துக்கு மேல். யாராவது தொடங்குங்களேன். நான் முதல் ஆளாகத் தினமும் வந்து பார்ப்பேன்.

உங்கள் பக்கத்துப் பயங்களும் எனக்குத் தெரியும். சொந்த வேலை என்று சொல்லிக்கொண்டு வெளியே காசுக்கு லோகோ போடுவார்கள் என்கிறீர்கள். அது ஃப்ரீலான்ஸ், வேறு சமாச்சாரம். போட்டிக் கம்பெனிக்கு வேலை செய்யக்கூடாது என்று தனியாக எழுதிக்கொள்ளுங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள். ஒன்றைத் தடுக்க எல்லாவற்றையும் பூட்டியதுதான் பிரச்சினை. நன்றாக வரைந்து பெயர் வாங்கியதும் போய்விடுவார்கள் என்கிறீர்கள். போவார்கள்தான், சிலர் பக்கத்துத் தீவான ரெயூனியனுக்கு, சிலர் பாரிசுக்கு. ஆனால் வரைய விடாத இடத்திலிருந்து இன்னும் சீக்கிரம் போகிறார்கள், அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரே ஒரு பயத்தை மட்டும் நான் உங்களோடு சேர்ந்து பட வேண்டியிருக்கிறது. சொந்த வேலை நல்லது என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, இனி நேர்காணலுக்கு வருகிறவர்கள் எல்லாம் கட்டாயம் சொந்த வேலை காட்ட வேண்டும் என்று யாராவது தொடங்கினால் அது பெரிய அநியாயம். ராத்திரியில் மேசை விளக்கைப் போட்டு உட்கார எல்லோருக்கும் வாய்ப்பு இல்லை. திரியோலேயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து போகிற பெண், வீட்டுக்குப் போய்ச் சமைத்து, பிள்ளைக்கு ஹோம்வொர்க் பார்த்து, மாமியாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு எப்போது வரைவாள்? அவளுடைய கோப்பில் அந்தப் பக்கம் காலியாக இருப்பதால் அவளுக்கு ஆர்வம் இல்லை என்று முடிவுகட்டினால், நாம் எடைபோட்டது அவள் ஓய்வு நேரத்தை, திறமையை இல்லை. இப்போதே எங்கள் ஜூனியர்களில் பலருக்குச் சொந்தமாக வரையக் கிடைக்கும் ஒரே நாள் சூறாவளி மூன்றாம் எச்சரிக்கை விட்டு ஆபீஸ் மூடும் நாள்தான். அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் இருக்காது.

அதனால்தான் நேரத்தை நீங்கள் கொடுக்க வேண்டும் என்கிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை முடியாது; தீபாவளி, கிறிஸ்துமஸ், காலண்டர் என்று எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை, ஒத்துக்கொள்கிறேன். மற்ற மாதங்களில் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் கொடுங்கள். அந்த நேரத்தில் பிரிண்டரும் மீந்த காகிதமும் அவர்களுக்கு. எப்படியும் அந்த நேரத்தில் எந்தக் கிளையண்டும் ஃபோன் எடுப்பதில்லை, நமக்குத் தெரியாததா. அலுவலக நேரத்தில் செய்வதால் அதன் உரிமை யாருக்கு என்று ஒரு வரி எழுதிக்கொண்டால் போதும். என் யோசனை, செய்தவருக்கே இருக்கட்டும், ஸ்டுடியோ தன் தளத்தில் காட்டிக்கொள்ளலாம், பெயர் போட்டு. காட்டியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். திங்கட்கிழமை ஃபேஸ்புக்கில் ஏற்றப் போகிறார்கள் என்று தெரிந்தால் அந்த இரண்டு மணி நேரமும் இன்னொரு டெட்லைன் ஆகிவிடும்.

நேர்காணலில் கேளுங்கள், கட்டாயமாக்காமல். “உனக்காக ஏதாவது செய்திருக்கிறாயா? இல்லையென்றால், நேரம் இருந்தால் என்ன செய்வாய்?” இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலே ஆளைக் காட்டிவிடும். சமையல் குறிப்பு, கால்பந்து டிக்கெட், அம்மாவின் தையல், எது வந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்த வரிக்கு மாற்றாக நான் எழுதிப் பார்த்தது இது. வக்கீலிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

“பணியின் பகுதியாகவும் நிறுவனத்தின் கிளையண்ட்டுகளுக்காகவும் செய்யப்படும் படைப்புகள் நிறுவனத்துக்குச் சொந்தம். ஊழியர் தம் சொந்த நேரத்திலும், நிறுவனம் அதற்கென ஒதுக்கும் நேரத்திலும், கிளையண்ட்டுகளின் தகவல்களைப் பயன்படுத்தாமல் செய்பவை ஊழியருக்குச் சொந்தம். அவற்றை வெளியிட அனுமதி தேவையில்லை.”

ஜனவரியில் சேரும் பிள்ளைகளுக்கான ஒப்பந்தங்கள் இன்னும் அச்சாகியிருக்காது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று தோன்றினால், காவடி முடிந்த வாரம் ஏதாவது ஒரு மாலை எல்லோரும் ஓரிடத்தில் உட்காரலாம், இடத்தை நீங்களே சொல்லுங்கள். ஏழு கறி இலை போட்ட அந்தப் பெண்ணையும் கூட்டிவருகிறேன், அவள் சம்மதித்தால்.

இப்படிக்கு,
போர்ட் லூயிஸில் வேலை பார்க்கும் டிசைனர் ஒருவன்